எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

(அம்பத்தூரில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு குறி. கமாவைத் தூக்கி எழுத்தின் தோள்மேல் உட்காரவைத்ததுபோல் இருக்கும். ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரஃபி என்பார்கள். அதற்கு இரண்டு மூன்று வேலைகள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் பேசப்போகிறேன். ஒரு பொருள் பலருக்கு உரியது என்று ஆங்கிலத்தில் முறையாக எழுதும்போது அந்தக் குறி எந்த இடத்தில் நிற்க வேண்டும்?

இதைப் பேச அம்பத்தூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. தொழிற்பேட்டை 1964இல் தொடங்கிய நாளிலிருந்து இங்கே வேலைக்குச் சேர்கிறவர் கையில் கொடுக்கப்படும் காகிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. பி.எஃப். என்கிறோமே, அதன் முழுப்பெயர் எம்ப்ளாயீஸ்’ ப்ராவிடண்ட் ஃபண்ட். இ.எஸ்.ஐ. என்பது எம்ப்ளாயீஸ்’ ஸ்டேட் இன்ஷூரன்ஸ். தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் சங்கத்தின் பெயரை முறைப்படி எழுதினால் மேனுஃபேக்சரர்ஸ்’ அசோசியேஷன். மூன்றிலும் குறி எஸ் என்ற எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. பேச்சில் அது கேட்காது என்பதால், அச்சில் படிப்பவர்களுக்காகத் தமிழ் எழுத்தோடு சேர்த்தே அந்தக் குறியைப் போட்டிருக்கிறேன்.

முப்பது ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். ஒருமுறை எங்கள் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துக்குப் புதுப் பெயர்ப்பலகை எழுத ஏற்பாடு செய்தோம். அப்போதெல்லாம் ஃப்ளெக்ஸ் கிடையாது. தகரப் பலகையில் நீலம் அடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, வெள்ளை எனாமலில் எழுத வேண்டும். பெயிண்டர் ஆங்கிலம் படித்தவர் அல்லர். நான் தாளில் எழுதிக் கொடுத்ததைப் படம் வரைவதுபோல் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். எம்ப்ளாயீஸ் என்ற சொல் முடிந்ததும் பிரஷ்ஷை எடுத்துவிட்டுக் கேட்டார்: “சார், இங்க ஒரு வாலு மாதிரி போட்டிருக்கீங்களே, அது எஸ்ஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி” என்றேன்.

“முன்னாடி வெச்சா என்ன ஆகும்?”

“ஒருத்தரோட சங்கம்னு ஆயிடும். பின்னாடி வெச்சாத்தான் எல்லாரோட சங்கம்.”

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு விரலை வைத்து இடைவெளி அளந்தார். குறியை மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் தடிமனாகவே போட்டார். அந்தப் பலகையில் தெளிவாகத் தெரிந்தது அந்தக் குறிதான். இலக்கணத்தைக் காதால் கேட்டு, கையால் செய்து காட்டிய மனிதர் அவர். அதற்குப் பிறகு இந்த விஷயத்தை நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் அவருடைய கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

இனி, நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பிரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் பேருந்து நேரத்தை மாற்றித் தரச் சொல்லி ஒரு மனு கொடுத்தார்கள். கையெழுத்துத் தாள் தனி, மனு தனி. மனுவை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவன் நான். அவசரத்தில் வொர்க்கர்ஸ்’ ரிக்வெஸ்ட் என்று அடிக்க வேண்டிய இடத்தில் வொர்க்கர்’ஸ் ரிக்வெஸ்ட் என்று அடித்துவிட்டேன். மனு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: எந்தத் தொழிலாளி, பெயரும் டோக்கன் நம்பரும் குறிப்பிடவும். கையெழுத்துத் தாளை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. திருத்தி அனுப்பி, பதில் வர இரண்டு வாரம் ஆயிற்று. இரவு ஷிஃப்ட் முடிந்தவர்கள் அந்த இரண்டு வாரமும் விடியற்காலையில் நடந்தே ஸ்டேஷனுக்குப் போனார்கள். பலருடைய கோரிக்கையை ஒருவருடையதாக ஆக்கிவிட ஒரு சின்னக் கோடு போதும்.

வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீட்டுமனைத் தரகு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர், தன் பழைய முதலாளி ஊழியர் ஓய்வூதியப் பணத்தைக் கட்டவில்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். நம் ஊர் பி.எஃப். போன்ற நிதிதான் அது. எழுதியவர் எம்ப்ளாயீஸ் என்ற சொல்லில் குறியையே போடவில்லை. முதலாளி அவதூறு வழக்குத் தொடுத்தார். எனக்கு ஒருவனுக்குக் கட்டாததைத்தான் சொன்னேன் என்பது எழுதியவரின் வாதம். 2021 அக்டோபரில் மாவட்ட நீதிமன்ற நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டார். ஒரு ஊழியருக்குக் கட்டாமல் போனது வேறு, பல ஊழியர்களுக்குக் கட்டாமல் போனது வேறு, பின்னது திட்டமிட்டுச் செய்த காரியமாகத் தோன்றும் என்பது அவர் பார்வை. பதிவு ஒரு நாள்கூட இணையத்தில் இல்லை. வழக்கு மட்டும் தொடர்ந்தது.

சரி, இந்தக் குறி ஏன் இவ்வளவு பேரைத் தடுமாற வைக்கிறது? காதுக்கு எட்டாததுதான் காரணம். ஒரு தொழிலாளியுடைய, பல தொழிலாளிகளுடைய, வெறுமே பல தொழிலாளிகள் என்ற மூன்றுக்கும் ஆங்கில உச்சரிப்பு ஒன்றே. மூன்றும் வொர்க்கர்ஸ்தான். ஆங்கிலேயராலும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எழுதிப் பார்த்துத்தான் கற்க வேண்டும். அவர்களுக்கே இது பழைய வழக்கம் அல்ல. பழைய ஆங்கிலத்தில் உடைமை காட்ட ஒரு தனி விகுதி இருந்தது. அதிலிருந்த உயிரெழுத்து தேய்ந்து விழுந்தது. விழுந்த இடத்தைக் காட்டத்தான் பிற்காலத்தில் குறி வந்தது. பன்மைக்கு எஸ்ஸுக்குப் பின்னால் குறி போடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. தொழிலாளியுடைய, தொழிலாளிகளுடைய. இரண்டும் காதில் தெளிவாக விழுகின்றன. ‘கள்’ தனியாக வருகிறது, ‘உடைய’ தனியாக வருகிறது, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி நிற்கின்றன. முதலில் ஆள், பிறகு எத்தனை பேர், அதற்கும் பிறகுதான் உடைமை. இந்த வரிசையை மனதில் பதித்துக்கொண்டால் ஆங்கிலக் குறி தானாக இடத்தில் போய் உட்காரும். நான் எடுக்கும் மாலை வகுப்பின் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: முதலில் தமிழில் சொல். ‘கள்’ வருகிறதா? வந்தால், ஆங்கிலச் சொல்லைப் பன்மையாக எழுதி முடி. முழுதாக முடித்துவிட்டுக் குறியைப் போடு. வொர்க்கர், பிறகு எஸ், பிறகு குறி. ‘கள்’ வரவில்லை என்றால் வொர்க்கர், பிறகு குறி, பிறகு எஸ்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: “சார், பாய்ஸ்’ ஹாஸ்டலுக்குக் குறி பின்னாடி. அப்போ விமன்ஸ் ஹாஸ்டலுக்கும் பின்னாடிதானே? பெண்கள்னு ‘கள்’ வருதே?” மிக நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். விமன் என்ற சொல்லே பன்மை. எஸ் போடாமலேயே அங்கே பலர் வந்துவிட்டார்கள். மென், சில்ட்ரன் இரண்டும் அப்படித்தான். பன்மையை எழுதி முடி என்றேன் அல்லவா, விமன் என்று எழுதியதுமே முடிந்துவிட்டது. இனி உடைமைக்கான எஸ் வேண்டும், அதற்கு முன் குறி வரும்: விமன்’ஸ். 1915இல் சென்னையில் தொடங்கிய பெண்கள் கல்லூரி விமன்’ஸ் கிறிஸ்டியன் காலேஜ். 1917இல் அடையாறில் தோன்றிய மாதர் சங்கம் விமன்’ஸ் இந்தியன் அசோசியேஷன். சில்ட்ரன்ஸ்’ பார்க் என்று எஸ்ஸுக்குப் பின்னால் குறி போட்ட பலகைகளை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அது பிழை. சில்ட்ரன்’ஸ் என்பதே சரி.

தமிழும் எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் தினம் என்கிறோம். அந்த ‘ர்’ ஒருவருக்குக் கொடுக்கும் மரியாதையா, பலரைக் குறிக்கும் விகுதியா? இரண்டுக்கும் அதேதான். ஆசிரியர் அறை என்றால் ஒருவருடைய அறையா, எல்லோருக்கும் பொதுவான அறையா என்று பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலத்தில் எழுதும்போது நீங்கள் முடிவுசெய்தாக வேண்டும். செப்டம்பர் 5 எல்லா ஆசிரியர்களுக்கும் உரிய நாள் என்பதால் டீச்சர்ஸ்’ டே.

இங்கே ஒரு நிமிடம் நன்னூலைத் தொட்டுவிட்டுப் போகிறேன். பவணந்தி முனிவர் ஆறாம் வேற்றுமைக்கு ஒருமை உருபு, பன்மை உருபு என்று இரண்டு வகை சொல்கிறார். எனது கை, என கைகள். அந்த ஒருமையும் பன்மையும் எதைப் பற்றியவை? உடையவரைப் பற்றியவை அல்ல, உடைமையைப் பற்றியவை. பொருள் ஒன்றா பலவா என்று அந்த உருபு சொன்னது. ஆங்கிலக் குறி அதற்கு நேர்மாறு. பொருளை அது எண்ணுவதே இல்லை. உடையவர் ஒருவரா பலரா என்பதை மட்டும் சொல்கிறது. உருபை உற்றுப் பார்க்கும் பழக்கம் நமக்கு எண்ணூறு ஆண்டுகளாக இருக்கிறது. ஆங்கிலத்தின் ஒரு குறி நமக்கு எட்டாது என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் நினைக்க வேண்டியதில்லை.

தமிழ் வழி முற்றிலும் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு. தொழிலாளர்கள் அதிகம் சந்திப்பதும் அந்த இடத்தைத்தான். காலமும் சம்பளமும் சேரும் இடம். ‘பதினைந்து நாள் சம்பளம்’ என்கிறோம். நாட்கள் இல்லை, நாளுடைய இல்லை. ‘மூன்று மாத நோட்டீஸ்’ என்கிறோம். ஆங்கிலமோ நாட்களையும் உடையவர்களாகவே நடத்துகிறது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்ற இடத்தில் ஃபிஃப்டீன் டேஸ்’ வேஜஸ் என்று இருந்தது. பதினைந்து என்பதால் குறி பின்னால். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஆட்குறைப்புக்கு முன் கொடுக்க வேண்டியிருந்த முன்னறிவிப்பு ஓரிடத்தில் ஒன் மன்த்’ஸ் நோட்டீஸ், பெரிய நிறுவனங்களுக்கான பிரிவில் த்ரீ மன்த்ஸ்’ நோட்டீஸ். ஒரு மாதம் என்றால் குறி முன்னால், மூன்று மாதம் என்றால் பின்னால். வேலையை விடுவதாகக் கடிதம் எழுதும் இளைஞர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். எண்ணைப் பாருங்கள். ஒன்று என்றால் முன்னால், ஒன்றுக்கு மேல் என்றால் பின்னால். இந்த இடத்துக்கு வேறு வழி தேவையில்லை.

சட்டங்களின் பெயரிலேயே இந்தக் குறி இடம் மாறிய கதை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அது. 1923இல் வந்த நஷ்டஈட்டுச் சட்டத்தின் பெயர் வொர்க்மென்’ஸ் காம்பன்சேஷன் ஆக்ட். மென் என்பதால் எஸ்ஸுக்கு முன்னால் குறி, ஆனால் பொருள் பன்மை. அந்தப் பெயரில் ஆண்கள் மட்டும்தான் இருந்தார்கள். பெண்களும் மெஷினில் நிற்கும் காலத்தில் அது பொருந்தாது என்று 2009இல் திருத்தம் செய்து, 2010 ஜனவரி 18 முதல் பெயரை மாற்றினார்கள். புதுப் பெயர் எம்ப்ளாயீ’ஸ் காம்பன்சேஷன் ஆக்ட். கவனியுங்கள், குறி எஸ்ஸுக்கு முன்னால். ஒரே ஒரு ஊழியர்.

1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் 1952ஆம் ஆண்டின் பி.எஃப். சட்டமும் பலருடையவை. நஷ்டஈட்டுச் சட்டம் மட்டும் ஒருவருடையது. வரைந்தவர்கள் மனதில் என்ன இருந்ததோ, நான் அதை இப்படிப் படிக்கிறேன். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி கொடுப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம், நிர்வாகம் கொடுப்பது 3.25 சதவீதம். ஒரு ஆளின் பணத்தை மட்டும் எடுத்தால் ஒரு அறுவைச் சிகிச்சைக்குக் காணாது. ஊரெல்லாம் சேர்ந்து போட்ட பணம் என்பதால்தான் ஒருவருக்கு இதயத்தைத் திறந்து பார்க்க முடிகிறது. அது எல்லோருடைய காப்பீடு, குறி பின்னால் நிற்பதுதான் நியாயம். விரல் போவது அப்படி அல்ல. பவர் பிரஸ்ஸில் கை மாட்டியவர்களை இந்த ஊரில் பார்க்காதவர்கள் உண்டா? ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை கணக்குச் சொன்னது. அந்த விரல் ஒருவருடைய விரல். அங்கே ஒருமை எனக்கு நியாயமாகப் படுகிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவற்றையெல்லாம் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆனாலும் பழைய பெயர்கள் நம் அட்டைகளிலும் கோப்புகளிலும் இன்னும் நெடுங்காலம் இருக்கும்.

எல்லாப் பெயரிலும் குறி வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் அகாடமி ஆஃபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி. குறி இல்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் டீச்சர்ஸ் ரிக்ரூட்மெண்ட் போர்டு. அதிலும் இல்லை. இவை பிழைகள் அல்ல. அந்த வாரியம் ஆசிரியர்களுக்குச் சொந்தமானதா? இல்லை, ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது. அங்கே பன்மைச் சொல் உடைமை சொல்லவில்லை, என்ன வகை வாரியம் என்று சொல்கிறது. அதிகாரபூர்வக் கடிதம் எழுதும்போது ஒரு நிறுவனம் தன் பெயரைத் தன் முத்திரையில் எப்படி எழுதுகிறதோ அப்படியே நாமும் எழுத வேண்டும். அவர்கள் பெயரைத் திருத்துவது நம் வேலை அல்ல.

குறியையே ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க அரசின் இடப்பெயர்க் குழு 1890 முதலே ஊர்ப் பெயர்களில் இந்தக் குறியைத் தவிர்த்து வருகிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் மாநகராட்சி 2009இல் தெருப் பலகைகளில் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. தெருப் பலகையில் போனால் போகட்டும், வீடு கண்டுபிடிக்க அது தேவையில்லை. பணமும் உரிமையும் பேசும் கடிதத்தில் போகக் கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தக் குறியைக் கண்ணால் அல்லாமல் விரலால் படிப்பவர்களும் உண்டு. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருப்பது உங்களுக்குத் தெரியும். பிரெய்லில் ஒவ்வொரு எழுத்தும் ஆறு புள்ளிக்கான ஒரு சிறு கட்டம். ஆங்கில பிரெய்லில் அப்பாஸ்ட்ரஃபிக்கு மூன்றாம் புள்ளி, அதாவது இடப்பக்க வரிசையில் கடைசியில் ஒரே ஒரு புள்ளி. அதற்கும் ஒரு முழுக் கட்டம் ஒதுக்க வேண்டும். விரலால் படிக்கும் பிள்ளை பன்மை எஸ்ஸைத் தொடுகிறது, அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது, அங்கே அடியில் தனியாக ஒரு புள்ளி விரலில் படுகிறது. பலர், அதன் பிறகு உடைமை. நம் தொழிலாளிகளுடைய என்ற சொல்லில் உள்ள அதே வரிசை. கண்ணால் படிக்கும் நாம் ஓடுகிற வேகத்தில் தவறவிடுவதை அந்த விரல் தவறவிட முடியாது. எழுதி முடித்த கடிதத்தை ஒருமுறை சொல் சொல்லாக விரல் வைத்துப் படியுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆவடியிலிருந்தும் திருமுல்லைவாயிலிலிருந்தும் வந்திருப்பவர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிறது, முடித்துக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இதே அறையில் கடிதம் எழுதும் வகுப்பு தொடங்குகிறது. கட்டணம் கிடையாது. உங்கள் வீட்டில் இருக்கும் நோட்டீஸ், பி.எஃப். விண்ணப்பம், சங்க மனு எதுவானாலும் நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். கூடவே ஒரு பென்சிலும் கொண்டு வாருங்கள். குறி இல்லாத இடங்களை நாமே உட்கார்ந்து சரிசெய்வோம்.